மாளிகைமேடு: ராஜேந்திர சோழனின் அரண்மனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வெளியூர் நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போவது பல வருடங்களாக என் வேலையாகிவிட்டது. கோயிலைப் பார்த்து வாய் பிளப்பார்கள். அப்புறம் மாளிகைமேட்டுக்குப் போனால் முகம் வாடிவிடும். செங்கல் வரிசையும் புல்லும்தான் இருக்கும். திரும்பி வரும்போது காரில் கேள்விகள் ஆரம்பிக்கும், கிட்டத்தட்ட எப்போதும் அதே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.

கோயில் பார்த்தாச்சு. அரண்மனை எங்கே இருக்கு?

கோயிலிலிருந்து தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டரில், உட்கோட்டை கிராமத்தை ஒட்டி இருக்கிறது. ஊர்க்காரர்கள் மாளிகைமேடு என்பார்கள். அரியலூர் மாவட்டம், ஜெயங்கொண்டம் பக்கம். திருச்சி–சிதம்பரம் சாலையில் வருகிறவர்கள் கோயிலை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவது வழக்கம், ஏனென்றால் சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரிவது விமானம் ஒன்றுதான்.

அங்கே போனால் நிற்கிற கட்டடம் எதுவும் கிடையாது. வேலி போட்ட இடம், தரை மட்டத்துக்குக் கீழே தோண்டிய குழிகள், அவற்றுக்குள் செங்கல் சுவர்களின் அடிப்பகுதி. இதைப் போகும்போதே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால், 'இதுக்கா இவ்வளவு தூரம்?' என்பார்கள்.

இது யார் கட்டினது, எப்போ?

முதலாம் ராஜேந்திரன். 1014-இல் அப்பா ராஜராஜனுக்குப் பிறகு அரியணை ஏறியவர். 1023 வாக்கில் அவருடைய படை கங்கைக்கரை வரை போய்த் திரும்பியது. அந்த வெற்றியின் பெயரில் ஒரு புது நகரம் எழுப்பி, 1025-ஐ ஒட்டித் தலைநகரைத் தஞ்சாவூரிலிருந்து இங்கே மாற்றினார். கோயில், அரண்மனை, கோட்டை, பெரிய ஏரி எல்லாம் ஒரே திட்டத்தில் எழுந்த நகரம் இது.

அதற்குப் பிறகு சோழ வம்சம் முடிகிற 1279 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், இதுதான் தலைநகர். தஞ்சாவூர் என்றால் சோழர், சோழர் என்றால் தஞ்சாவூர் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கணக்குப் பார்த்தால் விஜயாலயன் காலத்திலிருந்து ராஜேந்திரன் இடம் மாறியது வரை தஞ்சாவூருக்குக் கிடைத்தது அதைவிடக் குறைந்த காலம்தான்.

தஞ்சாவூர்ல ஒரு அரண்மனை இருக்கே, அது ராஜராஜனோடது இல்லையா?

இல்லை. இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு நாம் சுற்றிப் பார்ப்பது நாயக்கர்கள் கட்டத் தொடங்கி, 1670-களுக்குப் பிறகு ஆண்ட மராட்டியர்கள் விரிவாக்கிய அரண்மனை. ராஜராஜன் காலத்துக்கும் அதற்கும் 500 ஆண்டுக்கு மேல் இடைவெளி. ராஜராஜனின் அரண்மனை தஞ்சாவூரில் இருந்தது என்பதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. கட்டடம்தான் இல்லை.

கல்வெட்டுல அரண்மனைன்னே எழுதியிருக்குமா?

எல்லாருமே இடறி விழும் இடம் இது. அன்றைய கல்வெட்டு மொழியில் அரசன் வாழும் இடத்துக்குக் 'கோயில்' என்ற சொல்லே வரும். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. கடவுள் இருக்கும் இடத்துக்கும் அதே சொல்தான். படிக்கிறவர் எந்தக் கோயில் என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில் ராஜராஜன் 'தஞ்சாவூர்க் கோயிலினுள்ளால்' இருமடிசோழன் என்ற பகுதியின் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்து தானம் செய்ததாக வருகிறது. இதைப் பெரிய கோயிலுக்குள் இருந்த அபிஷேக மண்டபம் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அது அரண்மனையின் குளியல் கூடம். குளித்து முடித்த கையோடு தானம் வழங்கியிருக்கிறார்.

'மாளிகை', 'திருமாளிகை' என்ற சொற்களும் வரும். ராஜராஜனின் தந்தை சுந்தர சோழன் காஞ்சிபுரத்துப் பொன் மாளிகையில் இறந்ததால், பிற்காலக் கல்வெட்டுகள் அவரைப் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்றே குறிப்பிடுகின்றன. ஓர் அரசருக்கு அவர் கண்மூடிய கட்டடமே அடையாளமாகிவிட்டது.

சரி, இந்த அரண்மனைக்குன்னு பேர் ஏதாவது இருந்ததா?

இருந்தது, ஒன்றுக்கு மேலேயே இருந்தது. ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் காலத்து, 1068-ஐச் சேர்ந்த கல்வெட்டு கங்கைகொண்ட சோழபுரம் கோயிலில் இருக்கிறது. அது இங்கிருந்த அரண்மனையை 'சோழகேரளன் திருமாளிகை' என்கிறது. ராஜேந்திரனின் பட்டப்பெயர் ஒன்றை வைத்து அமைந்த பெயர் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பிறகு முதலாம் குலோத்துங்கனின் 49-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில், அதாவது 1119-இல், 'கங்கைகொண்ட சோழ மாளிகை' என்று வருகிறது.

ஒரே கட்டடத்துக்குப் பெயர் மாறியதா, அல்லது வேறு வேறு கட்டடங்களா என்றால், வளாகத்துக்குள் பல மாளிகைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் என்பதே பொருந்துகிறது. தஞ்சாவூர் அரண்மனையிலும் மேலே சொன்ன 'இருமடிசோழன்' மாதிரி பகுதிகளுக்குத் தனிப்பெயர் இருந்ததைப் பார்த்தோமே.

வீரராஜேந்திரன் கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் வேறு. அரண்மனையின் 'அதிபூமி', அதாவது தரைத்தளம், அப்புறம் 'கீழைச் சோபானம்', அதாவது கிழக்குப் பக்கத்துப் படிவாசல், இரண்டையும் சொல்லிவிட்டு, அரசன் உட்கார்ந்திருந்த இருக்கையின் பெயரையும் சொல்கிறது: 'மாவலி வாணாதிராஜன்'. நாற்காலிக்கும் ஒரு பெயர்! அதுவும் பழைய வாண அரசர்களின் பட்டப்பெயர். சோழர்களுக்குக் கீழே அடங்கிப்போன ஒரு வம்சத்தின் பெயரில் அரசன் உட்கார்ந்திருக்கிறான். வேண்டுமென்றே வைத்த பெயராகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். உட்கார்ந்த இடத்தின் பெயரைக் கல்லில் வெட்டியதற்குக் காரணம் உண்டு. அரசன் எங்கே இருந்தபோது இந்த ஆணை பிறந்தது என்பதும் ஆவணத்தின் ஒரு பகுதி. நம் பத்திரங்களில் எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்று எழுதுவதில்லையா, அந்த மாதிரி.

உள்ளே என்னதான் நடந்திருக்கும்? ராஜா சும்மா உட்கார்ந்திருப்பாரா?

சினிமாவில் பார்க்கிற மாதிரி நடனமும் சாமரமும் இருந்திருக்கலாம். ஆனால் கல்வெட்டுகள் காட்டுவது ஓர் அலுவலகத்தை. அரசன் வாய்மொழியாக ஒன்றைச் சொல்வார். அதைக் கேட்டுக்கொள்ள 'திருவாய்க்கேள்வி' என்ற அதிகாரி. அதை ஓலையில் எழுத 'திருமந்திர ஓலை'. எழுதியதைச் சரிபார்த்து ஒப்புதல் தர 'திருமந்திர ஓலைநாயகம்'. பிறகு வரிக்கணக்குத் துறையினர் தங்கள் பதிவேட்டில் ஏற்றுவார்கள். அதற்குப் பின்தான் அந்த ஓலை ஊர்ச் சபைக்கோ கோயிலுக்கோ போகும். ஒரு கிராமத்துக்கு வரி விலக்கு கிடைக்கப் பத்துப் பதினைந்து பேர் கையெழுத்துப் போடுவது ஆயிரம் வருடப் பழக்கம்.

அரண்மனையைச் சுற்றி 'வேளம்' என்ற குடியிருப்புகளும் இருந்தன. அரண்மனைப் பணிப்பெண்கள் வாழ்ந்த இடங்கள் அவை. தஞ்சாவூர்க் கல்வெட்டுகள் பல வேளங்களைப் பெயரோடு சொல்கின்றன. போரில் பிடிபட்ட பெண்களும் அங்கே இருந்தார்கள். அரண்மனை என்றதும் நமக்கு ராணிகள் மட்டும்தான் நினைவுக்கு வருகிறார்கள். தண்ணீர் சுமந்தவர்களைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

கோயில் ஆயிரம் வருஷமா நிக்குது, அரண்மனை மட்டும் ஏன் விழுந்துச்சு?

கட்டிய பொருள்தான் முதல் காரணம். கோயில் கருங்கல். அரண்மனை செங்கல், சுண்ணாம்பு, மரம், ஓடு. கருங்கல் தெய்வத்துக்கு, மனிதர் வாழும் வீட்டுக்கு மண்ணும் மரமும் என்பது அந்தக் கால வழக்கம், அரசனே ஆனாலும் சரி. விஜயநகரத்துக்காரர்கள்கூட ஹம்பியில் கோயில்களை முழுக்கக் கல்லில் கட்டினார்கள். அரண்மனைகளுக்கு அடித்தளம் மட்டும் கல், மேலே மரம். இன்று ஹம்பியில் அரச மாளிகைகள் இருந்த இடத்தில் மேடைகள்தான் மிஞ்சியிருக்கின்றன.

மரத்துக்கு நெருப்பும் கரையானும் போதும். ஓடு சரிந்து கூரை ஒழுக ஆரம்பித்தால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் சுவர் ஊறிவிடும். ஆள் குடியிருந்து, ஆண்டுதோறும் ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்தால்தான் அப்படிப்பட்ட கட்டடம் நிற்கும். நம் பாட்டி வீடுகளைப் பூட்டிவிட்டு நகரத்துக்கு வந்தோமே, பத்து வருடத்தில் என்ன ஆனது? கோயிலுக்கோ பூசை நின்றாலும் கல் தாங்கும்.

தோண்டினப்போ என்ன கிடைச்சுது?

தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் இங்கே அகழாய்வு செய்தது. இடையில் சில முறை தொடர்ந்தது. 2021-இல் கீழடி, கொற்கை, ஆதிச்சநல்லூர் முதலிய இடங்களோடு இதையும் சேர்த்து மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை எங்கே தோண்டுவது என்று தீர்மானிக்க ஆளில்லா விமானம் பறக்கவிட்டு மேலிருந்தும் ஆராய்ந்தார்கள்.

முக்கியமாகக் கிடைத்தவை சுவர்கள். வெளிச்சுவர் ஒன்றின் கனம் சுமார் 1.10 மீட்டர். ஒரு மாடி வீட்டுக்கு அவ்வளவு கனம் தேவையே இல்லை. அதனால்தான் இது பல அடுக்கு மாளிகை என்கிறார்கள். கல்வெட்டில் தரைத்தளத்துக்கு 'அதிபூமி' என்று தனியாக ஒரு பெயர் வருகிறது என்றேனே, மேல்தளம் இருந்தால்தானே தரைத்தளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்? இரண்டும் ஒத்துப்போகின்றன. கூரைக்குத் தட்டையான ஓடுகளை மெல்லிய சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருக்கிறார்கள். உடைந்த ஓடுகள் குவியல் குவியலாக வந்தன. தூண்கள் மரத்தாலானவை. அவற்றைத் தாங்கிய கருங்கல் அடிப்பீடங்கள் சில அப்படியே கிடைத்தன. மரம் மக்கிப்போய்விட்டது. மரத்தைப் பிணைத்த இரும்பு ஆணிகளும் பட்டைகளும் மிஞ்சின.

இவற்றோடு செப்புக் காசுகள், கண்ணாடி வளையல் துண்டுகள், மணிகள், தங்க முலாம் பூசிய செப்பு வளையல் ஒன்று. எனக்குப் பெரிதாகத் தெரிவது சீனப் பீங்கான் துண்டுகள், குறிப்பாக வெளிர்பச்சைப் பூச்சு உள்ளவை. சோழர்கள் சீன அரசவைக்குத் தூதுக்குழுக்கள் அனுப்பியதைச் சீன ஆவணங்களே சொல்கின்றன. 1077-இல் குலோத்துங்கன் காலத்தில் போன குழுவில் 72 பேர். அந்தக் கடல் வணிகத்தில் வந்து இறங்கிய தட்டும் கிண்ணமும் கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு மேட்டில் உடைந்து கிடக்கின்றன.

புதையல் இருக்கும்னு சொல்றாங்களே? சுரங்கப்பாதையும் இருக்காமே?

மேலே சொன்ன பட்டியல்தான் 'புதையல்'. ஓடு, ஆணி, உடைந்த பாத்திரம். ஓர் அரண்மனை கைவிடப்படும்போது தூக்கிக்கொண்டு போகக்கூடியதை எல்லாரும் தூக்கிக்கொண்டுதான் போவார்கள். தோண்டிப் பார்க்கலாமா என்று சிலர் பாதி விளையாட்டாகக் கேட்கிறார்கள். அது குற்றம். மண்ணுக்கடியில் கிடைப்பதைப் பற்றி 1878-இலேயே புதையல் சட்டம் வந்துவிட்டது. மேலே கிடக்கும் ஓட்டுத் துண்டைக்கூட எடுத்துப் பையில் போடாதீர்கள். அது கிடந்த இடம் போனால் அதன் பாதி மதிப்பு போய்விடும்.

சுரங்கக் கதைக்கு வேர் கோயில் வளாகத்தில் இருக்கும் சிங்கக் கிணறு என்று நினைக்கிறேன். சிங்க உருவத்தின் உடம்புக்குள் நுழைந்து படியிறங்கிப் போனால் கிணற்று நீர். இருட்டாக இறங்கும் படியைப் பார்த்த எந்தச் சிறுவனுக்கும் அது எங்கேயோ போகிறது என்றுதான் தோன்றும். எனக்கும் சின்ன வயதில் தோன்றியது. படிகள் தண்ணீருக்குப் போகின்றன. அந்தச் சிங்க முகப்பும்கூட உடையார்பாளையம் ஜமீன்தார் காலத்து வேலை, ராஜேந்திரன் காலத்தது அல்ல.

கோட்டை இருந்துச்சா? பேருக்கே உட்கோட்டைன்னு இருக்கே.

இருந்தது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு சுற்று. வெளிமதில் இன்று மண்மேடாகத்தான் தெரியும். இரண்டு செங்கல் சுவர்களை எழுப்பி நடுவே மணலை நிரப்பியிருக்கிறார்கள், மொத்த அகலம் 6 முதல் 8 அடி. குலோத்துங்கன் கல்வெட்டில் இதற்கு 'ராஜேந்திர சோழன் மதில்' என்று பெயர். கிழக்கே ஒரு திருவாசல். தெற்கே வேம்புக்குடிக்குப் போகும் பக்கம் 'வேம்புக்குடி வாசல்'.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். உட்கோட்டை. படைக்கலம் வைத்த இடம் என்று சொல்லப்படும் ஆயுதக்களம். மெய்க்காவலர் குடியிருந்ததாகச் சொல்லும் மெய்க்காவல்புத்தூர். சுண்ணாம்பு அரைத்த இடமாகச் சொல்லப்படும் சுண்ணாம்புக்குழி. கடாரங்கொண்டான் என்று ஓர் ஊர், அது ராஜேந்திரனின் பட்டப்பெயரேதான். பேருந்து நடத்துநர் இவற்றை வரிசையாகக் கூவும்போது எனக்கு ஒரு நகர வரைபடத்தை வாசிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஊர்ப் பெயருக்கு விளக்கம் சொல்வது சுலபம், நிரூபிப்பது கஷ்டம். கடாரங்கொண்டானில் சந்தேகமே இல்லை. மற்றவற்றில் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது.

தெருவெல்லாம் எப்படி இருந்திருக்கும்?

கல்வெட்டுகளில் சாலைப் பெயர்கள் நிறையவே தப்பியிருக்கின்றன. ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி, விளாங்குடையான் பெருவழி, குலோத்துங்க சோழன் திருமதிலை ஒட்டிய பெருவழி. எல்லாவற்றிலும் அழகானது 'கூழையானை போன பெருவழி'. கூழை என்றால் குட்டை. எந்தக் குட்டை யானை, எப்போது, எதற்காகப் போனது என்று கல்லில் இல்லை. அரசன் பெயர் வைத்த சாலைகளுக்கு நடுவே ஒரு யானைக்கும் சாலை. இந்தப் பெயரை அரண்மனை வைத்திருக்காது, ஊர்தான் வைத்திருக்கும்.

அவ்வளவு பெரிய ஊருக்குத் தண்ணி எங்கேருந்து?

ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் என்ற ஏரி. இன்று பொன்னேரி என்கிறார்கள். கங்கையிலிருந்து கொண்டுவந்த நீரை இதில் ஊற்றி, நீராலான வெற்றித்தூண் என்று அதை வர்ணித்திருப்பது திருவாலங்காட்டுச் செப்பேட்டில் வருகிறது. மற்ற அரசர்கள் ஜெயஸ்தம்பம் நாட்டுவார்கள். இவர் ஏரியைத் தூணாகச் சொல்லிக்கொண்டார். கிழக்கே சில கிலோமீட்டரில் ஓடும் வடவாறும் அவர் காலத்து வேலை, பழைய பெயர் மதுராந்தக வடவாறு.

1855-இல் வெளியான ஆங்கிலேயர் கால விவரத் தொகுப்பு ஒன்று, வடக்கு தெற்காக 16 மைல் நீளத்துக்கு ஓடும் கரையையும் அதன் மதகுகளையும் குறிப்பிட்டு, ஒரு காலத்தில் இது இந்தியாவின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்கிறது. அப்போதே அது தூர்ந்து காடாகிவிட்டது.

காவிரிக்கரைத் தஞ்சாவூரை விட்டுட்டு இந்த மேட்டுக்காட்டுக்கு ஏன் வந்தாங்க?

ராஜேந்திரன் காரணம் எழுதி வைக்கவில்லை. நான் நம்புவது இரண்டு. ஒன்று, எதிரி இடம் மாறிவிட்டான். ராஜராஜன் காலத்தில் பாண்டியரும் சேரரும் தெற்கிலும் மேற்கிலும். ராஜேந்திரன் காலத்தில் பெரிய தலைவலி வடமேற்கே மேலைச் சாளுக்கியர். கொள்ளிடத்துக்கு வடகரையில் தலைநகர் இருந்தால் படை கிளம்ப வெள்ளம் வடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டு, நெல் விளையும் நிலத்தில் நகரத்தைப் பரப்புவது நஷ்டம். இங்கே மேட்டு நிலம், இன்று முந்திரி விளைகிற மண். அதில் கட்டடம் எழுப்பிவிட்டு, ஏரி வெட்டி, சுற்றியுள்ள இடத்தையும் விளைநிலமாக்கலாம். வயலை அழித்து மனை போடுகிற இன்றைய நமக்கு இந்தக் கணக்கு புரியாது.

பாண்டியர்தான் இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்கன்னு படிச்சேன். உண்மையா?

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் மேற்கோள் காட்டுவது 1216-இல் பட்டமேறிய முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து வரும் பாட்டை. தஞ்சையையும் உறந்தையையும் தீக்கிரையாக்கி, கூடமும் மாமதிலும் கோபுரமும் ஆடரங்கும் மாடமும் மாளிகையும் மண்டபமும் இடித்து, கழுதை பூட்டி உழுது கவடி விதைத்ததாக அது பெருமை பேசுகிறது. உறந்தை என்றால் உறையூர். கங்கைகொண்ட சோழபுரத்தின் பெயர் அந்த வரிகளில் இல்லை. அந்தப் போருக்குப் பிறகு அவன் சோழர் முடிசூடும் மண்டபத்தில் வீராபிஷேகம் செய்துகொண்டதும் இங்கே அல்ல, முடிகொண்ட சோழபுரத்தில், அதாவது பழையாறைப் பக்கம். கடைசியில் நாட்டைச் சோழனிடமே திருப்பிக் கொடுத்து, 'சோணாடு வழங்கியருளிய' என்று அதையும் பட்டமாக்கிக்கொண்டான்.

சோழர் ஆட்சி முடிவது அதற்கு 60 ஆண்டு கழித்து, மாறவர்மன் குலசேகரன் காலத்தில். 1279-க்குப் பிறகு மூன்றாம் ராஜேந்திரனைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் கட்டத்தில் அரண்மனையில் தீ வைத்திருக்கலாம், இடித்திருக்கலாம். பகை அரசனின் மாளிகையை இடிப்பது அன்றைய வழக்கம்தான். சோழர்களும் சளைத்தவர்கள் இல்லை. சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எறிந்து, அங்கிருந்து ஒரு துவாரபாலகர் சிலையையே தூக்கி வந்து, 'கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த' என்று அதன் பீடத்தில் எழுதியவர்கள். ஆனால் 'பாண்டியன் இந்த அரண்மனையை இடித்தான்' என்று உறுதியாகச் சொல்லப் புகழ்பெற்ற அந்தப் பாடல் வரிகள் போதாது. அவை வேறு ஊரைப் பற்றியவை.

கோயிலை மட்டும் பாண்டியர் விட்டுட்டாங்களா?

விட்டதோடு நிற்கவில்லை. பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளும் அந்தக் கோயிலில் உண்டு. அரசனின் வீடு எதிரியின் வீடு. சிவனின் வீடு இருவருக்கும் பொது. இரண்டுக்கும் ஒரே சொல் என்று முன்னால் சொன்னேன், நடத்திய விதம் மட்டும் வேறு.

அப்போ மிச்சத்தை அழிச்சது யாரு? ஆங்கிலேயர்னு ஒருத்தர் சொன்னார்.

அவர்கள் கைவைத்தது முக்கியமாகக் கோயிலின் மதிலில். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, கல்லுக்காகக் கோயிலின் சுற்றுமதிலையும் சிற்ப வேலைப்பாடுள்ள கற்களையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மேலே சொன்ன 1855-ஆம் ஆண்டுத் தொகுப்பே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. ஊர் மக்கள் தடுத்தார்கள், அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள், கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று. வெள்ளைக்காரர் பதிப்பித்த புத்தகத்தில் வெள்ளைக்கார அரசுக்கு விழுந்த குட்டு.

அதே தொகுப்பு அரண்மனை பற்றியும் ஒரு வரி சொல்கிறது. ஊரைச் சுற்றிக் காடு மூடிய மேடுகள், பாபிலோன் இருந்த இடத்து மேடுகள் மாதிரி கிடக்கின்றன, ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொரு மேட்டையும் காட்டி அரண்மனையின் இன்ன பகுதி என்கிறார்கள் என்று. சோழர் போய் 575 ஆண்டு ஆன பிறகும் ஊர் அதை மறக்கவில்லை. மாளிகைமேடு என்ற பெயரே அந்த ஞாபகம்தான்.

மற்றபடி, கைவிடப்பட்ட செங்கல் கட்டடம் எந்த ஊரிலும் இலவசச் செங்கல் கிடங்குதான். நன்றாகச் சுட்ட பெரிய செங்கல் மண்ணை நீக்கினால் கிடைக்கும்போது, யார் சூளை போடுவார்கள்? சுவர், கிணறு, வரப்பு என்று எல்லாவற்றுக்கும் எடுத்திருப்பார்கள். அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சோழர்களுக்கு இது ஒண்ணுதான் அரண்மனையா?

இல்லை. தஞ்சாவூரும் காஞ்சியும் மேலே வந்துவிட்டன. பழையாறையில் ஒன்று. பட்டீஸ்வரம் பக்கத்தில் சோழமாளிகை என்றே ஒரு கிராமம் இருக்கிறது. மதுரையில் ராஜேந்திரன் தன் மகனுக்காகக் கட்டிய மாளிகையின் பாரத்தில் பூமியே தள்ளாடியது என்று ஒரு கல்வெட்டு அளக்கிறது. அவற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை. மாளிகைமேட்டின் சிறப்பே இதுதான்: கல்வெட்டில் பெயர் தெரிந்து, தரையில் சுவரும் தெரிகிற சோழ அரண்மனை.

அஸ்திவாரம்தான் இருக்கே, அதே மாதிரி மறுபடி கட்டிட்டா என்ன?

எதைப் பார்த்துக் கட்டுவது? கையில் இருப்பது சுவரின் அடி, தூணின் பீடம், ஓடு, ஆணி. மேல்மாடத்தின் வடிவம், சாளரம், தூணில் இருந்த செதுக்கு வேலை எதுவும் இல்லை. கட்டினால் நம் காலத்துச் சினிமா செட் ஒன்று எழும், அதன் கனத்தில் உண்மையான சுவர் அடியில் நசுங்கும். கணினியில் வரைந்து காட்டட்டும், பக்கத்தில் 'இது கற்பனை' என்று எழுதிவிட்டு.

இதைவிட அவசரம், தோண்டாத இடங்கள். வீடுகள், வயல்கள், முந்திரித் தோப்புகள் எல்லாம் பழைய நகரத்தின் மேலேயே இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வதும் நியாயமில்லை, அங்கே தலைமுறையாக ஆள் இருக்கிறார்கள். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது பழைய செங்கல் வந்தால் சொல்லிவிட்டுத் தோண்டும் பழக்கம் வந்தாலே பெரிய காரியம்.

போறதா இருந்தா என்ன கவனிக்கணும்?

கோயில் மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பு, மாளிகைமேடு மாநிலத் துறையின் பொறுப்பு. அதனால் ஓரிடத்தில் கேட்ட விவரம் மறு இடத்தில் செல்லாது. காலையில் மாளிகைமேடு, பிறகு கோயில் என்று போங்கள். வெயில் ஏறினால் அந்தத் திறந்த வெளியில் பத்து நிமிடம் நிற்க முடியாது. கடை எதுவும் பக்கத்தில் இருக்காது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சுவர்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். கருங்கல் தூண் பீடத்தைத் தேடிப் பார்த்து, அடுத்த பீடம் எவ்வளவு தூரத்தில் என்று எட்டு வைத்து அளந்து பாருங்கள். கூடத்தின் அளவு அப்போதுதான் காலுக்குத் தெரியும்.